அணைச் சங்கும் அப்பன் காலும்

சாமி,

உன் கார்டு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. உன் அம்மாவுக்குப் பாதிவரை சத்தமாகப் படித்துக் காட்டினேன். மீதியை மனசுக்குள் படித்துவிட்டு, "எல்லாரும் நல்லா இருக்காங்களாம்" என்று மடித்து வைத்தேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் எழுந்து உலையைப் பார்க்கப் போய்விட்டாள். எழுத்து தெரியாதவளிடம் எதையும் மறைத்துவிடலாம் என்று நினைத்து நான் ஏமாந்தது இது முதல் தடவை அல்ல.

நீ எழுதியிருந்ததை நானே ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். அடுத்த மாதம் லீவில் வருகிறாய். குமாரபாளையத்தில் தாய்வீட்டில் இருக்கும் உன் சம்சாரத்தை நாக்பூருக்கு அழைத்துப்போகிறாய். ஏழு மாதப் பெண் குழந்தையை மட்டும் அங்கேயே உன் மாமியாரிடம் விட்டுவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறாய், அது எழுந்து நடக்கிற வரைக்கும். ரயில்வே பட்டறையில் உனக்கு ஷிப்டு வேலை, அவளுக்கு உடம்பு இன்னும் தேறவில்லை, கைமாற்றிவிட அங்கே ஆள் இல்லை. "எனக்குக் குழந்தையைத் தூக்கவே கை நடுங்குகிறது. எப்போது நனைக்கும், எதற்கு அழும், ஒன்றும் விளங்கவில்லை. ஆம்பளை இதில் என்ன செய்ய முடியும்? நீங்கள் சரி என்றால் அப்படியே செய்கிறேன்" என்று முடித்திருக்கிறாய். இதற்குப் பதில் எழுதக் கார்டு போதாது. அதனால்தான் இவ்வளவு காகிதம். நான் சரி என்று சொல்லப்போவதில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்வதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். அதைக் கேட்க வேண்டியவனும் நீதான். இருபத்திரண்டு வருடமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் அந்த 'வேண்டாம்' என்பதைச் சொல்ல வேண்டும்.

நீ பிறந்தபோது மேட்டூரில் அணை வேலை நடந்துகொண்டிருந்தது. அப்போது நாம் இருந்தது வேலையாட்களுக்கென்று வரிசையாகப் போட்ட லைன் வீடுகளில் ஒன்று. தகரக் கூரை, ஒரே அறை, வாசலில் நின்றால் காவேரியின் இரைச்சல். என் வேலை உனக்குத் தெரியும், பெயர் கூப்பிடுவது. காலையில் அணையின் நீராவிச் சங்கு ஊதும். முதற்சங்குக்கு எல்லோரும் கிளம்ப வேண்டும், இரண்டாம் சங்குக்கு வேலைத்தலத்தில் நிற்க வேண்டும். கல் சுமக்கிறவர்கள், சுண்ணாம்பு அரைக்கிறவர்கள், மண் வெட்டுகிறவர்கள் என்று முந்நூறு பேர். நான் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவேன், "உள்ளேனுங்க" என்று பதில் வரும். அந்த ஒரு சொல்லை வைத்தே யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை, யார் நேற்றுக் குடித்தான் என்று சொல்லிவிடுவேன். மனிதர்களைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பை உடைத்தவன் நீ, அதுவும் பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாமல்.

உன் அம்மாவுக்கும் தாய் இல்லை, எனக்கும் தாய் இல்லை. புதுச்சத்திரத்திலிருந்து என் அக்கா, உன் அத்தை, வந்து பிரசவம் பார்த்து முப்பது நாள் இருந்துவிட்டுப் போனாள். அவள் கிளம்பிப்போன அதே வாரம் உன் அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. அணை கட்டிய ஊரில் அது வராத வீடு இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள், பாயோடு சேர்ந்து உதறும். மூன்று போர்வை போட்டு நான் மேலே விழுந்து அமுக்கிப் பிடித்தாலும் நிற்காது. நடுக்கம் இல்லாத நாளில் உனக்குப் பால் கொடுப்பாள். நடுங்கும் நாளில் ஆட்டுப்பாலைப் பாலாடையில் ஊற்றி நான் புகட்டுவேன். உனக்கு விரிக்க அவளுடைய பழைய சேலையைக் கிழித்த ஏழு துணிகள். மழைக்காலம். ஏழும் நனைந்திருக்கும், ஒன்றும் காய்ந்திருக்காது. விடிவதற்கு முன்னால் அவற்றை ஆற்றுக்கு எடுத்துப்போய் அலசுவேன், யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று.

அப்படி ஒரு காலை, அலசிப் பிழிந்த துணிகளோடு உள்ளே வருகிறேன். உன் அம்மா பாயில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நீ அவள் பக்கத்தில் காலை உதைத்துக்கொண்டு கிடந்தாய். திடீரென்று அவள் கண்ணைத் திறக்காமலே, "ஏனுங்க, அவனைத் தூக்குங்க, வரப்போகுது" என்றாள்.

"என்ன வரப்போகுது?"

"தூக்குங்கன்னா. காலை நீட்டி உக்காருங்க. கணுக்கால் மேல உக்கார வெய்யுங்க. பொடனியைப் புடிச்சுக்கோங்க, தலை நிக்கல இன்னும்."

பெண்கள் அப்படி வைத்துப் பார்த்திருக்கிறேன். எந்த ஆணும் வைத்துப் பார்த்ததில்லை. ஆனால் எட்டாவது துணி இல்லை என்ற பயம் வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினேன். பாதங்களுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டு, கீழே ஒரு கை சாம்பலைத் தூவி, உன்னை என் முகம் பார்த்தபடி கணுக்கால் மேல் உட்கார்த்தினேன். ஒரு கையால் பிடரி, மறு கையால் முதுகு. உன் எடை ஒரு பெரிய பூசணிக்காய் இருக்கும். அவள் பாயிலிருந்தபடியே பல்லிடுக்கில் மெல்ல "ஸ்ஸ்ஸ்" என்றாள். நானும் சொன்னேன். நீ என்னைப் பார்த்தாய். உன் புருவம் சுருங்கியது, உதடு குவிந்தது, காது மடல் சிவந்தது, உன் கால்விரல்கள் பத்தும் என் கணைக்கால்மேல் ஒருசேர மடங்கின. அப்புறம் ஒரு முக்கல். சாம்பல் மேல் எல்லாம் வந்துவிட்டது. முடிந்ததும் உன் உடம்பு ஒருதரம் சிலிர்த்தது, நீ ஒரு பெரிய மனிதனைப்போல் பெருமூச்சு விட்டாய்.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன், சாமி. அம்மாவைத் தெரியாது, அப்பாவைத் தெரியாது, இது கை என்றோ இது கால் என்றோ தெரியாது. ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்று அந்த உயிருக்குத் தெரிகிறது, அதைச் சொல்லவும் சொல்கிறது. ஐம்பது நாளாக நீ சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறாய். நான்தான் துணி அலசிக்கொண்டிருந்திருக்கிறேன். "எப்படித் தெரிஞ்சுது உனக்கு, கண்ணைக்கூடத் திறக்கலையே?" என்று உன் அம்மாவைக் கேட்டேன். "உதைச்சுட்டே இருந்தான், சட்டுனு நிறுத்திட்டானில்லீங்க" என்றாள். அவ்வளவுதான் அவள் விளக்கம். முந்நூறு குரலை வைத்து முந்நூறு பேரைப் படிக்கிறேன் என்று பெருமைப்பட்டவன் நான். குரலே இல்லாதவனை அவள் கண்ணை மூடிக்கொண்டு படித்துவிட்டாள். இன்றுவரை அந்த ஆச்சரியம் எனக்குத் தீரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் உன்னைத்தான் படித்தேன். பால் குடித்துக்கொண்டே இருப்பவன் வாயை எடுத்துவிட்டு எங்கோ பார்த்தால் ஒன்றுக்கு. உதைப்பதை நிறுத்திவிட்டுக் கல்லாகிப்போனால் மற்றது. தூங்கி எழுந்து சிரித்தால் உடனே தூக்க வேண்டும், சிரித்து முடிக்கும்வரை பொறுத்தால் துணி போச்சு. பத்துக்கு ஏழு தரம் பிடித்துவிடுவேன். தவறிப்போன மூன்று தரமும் நீ என்னைப் பார்த்த பார்வையில், சொன்னேனே என்று ஒரு குறை இருந்ததாகத்தான் எனக்குத் தோன்றும். லைனில் விஷயம் பரவிவிட்டது. பெயர் கூப்பிடும்போது பின்வரிசையிலிருந்து கல் சுமக்கிற ஒருவன், "நம்ம பேர்க்காரரு ஊட்டுல உக்காந்து உள்ள இருக்கறதையும் பேர் சொல்லிக் கூப்புடறாராமா. கூப்புட்ட ஒடனே உள்ளேனுங்கன்னு வந்துருதாமா" என்றான். முந்நூறு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் எனக்கு உள்ளே சுட்டது. அந்தச் சூட்டை நீ மறக்காமல் வைத்துக்கொள், பின்னால் வருகிறது.

இனி என் தப்புகளுக்கு வருகிறேன். ஒருநாள் நீ என் காலில் உட்கார்ந்து சாவகாசமாக யோசித்துக்கொண்டிருந்தாய். இரண்டாம் சங்கு ஊதிவிட்டது. நான் ஓடிப் போவதற்குள் பெயர் கூப்பிட வேண்டியவனையே காணோம் என்று மேலதிகாரி நின்றுகொண்டிருந்தார். இன்னொரு தரம் இப்படி நடந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்றார். அன்றோடு நான் உன் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சங்கைப் பார்க்க ஆரம்பித்தேன். முதற்சங்கு ஊதியதும் உன்னைக் காலில் போட்டுவிடுவேன், உனக்கு வந்தாலும் வராவிட்டாலும். வரும்வரை விடமாட்டேன். முதல் நான்கைந்து நாள் நீ முதுகை வளைத்துக்கொண்டு கத்தினாய். நான் விடவில்லை. மத்தியானச் சங்குக்கு வீட்டுக்கு ஓடிவந்து அதே மாதிரி, சாயங்காலச் சங்குக்கும் அதே மாதிரி. உன் அம்மா ஒருநாள், "மூஞ்சியைப் பாக்காம சங்கையே கேட்டுட்டு இருக்கறீங்களே, அவன் என்ன அணை வேலைக்கா வந்திருக்கறான்?" என்றாள். "வேலை ஆகுதல்ல" என்றேன். ஆகத்தான் செய்தது. ஒரு மாதத்தில் நீ சங்குக்கு ஏற்ற ஆளாகிவிட்டாய். ஊதும், விரல் மடங்கும், வந்துவிடும். ஏழு துணியும் கொடியில் காய்ந்து தொங்கின. உலகத்தில் யாரும் செய்யாத காரியத்தைச் சாதித்துவிட்டதாக நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

உனக்கு ஐந்தாவது மாதம் நடந்தபோது உன் அம்மாவுக்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறி, பிதற்ற ஆரம்பித்தாள். கேம்ப் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். பிழைப்பாளா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சேதி தெரிந்து அத்தை வந்தாள். அவளுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம், குழந்தை இல்லை. உன்னை மடியில் வாங்கியதும் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். "தம்பி, இவனை நான் கொண்டுபோயிக்கறேன்டா. நடக்கற வரைக்கும் எங்கூட்டுல இருக்கட்டும். நீ ஆம்பளை, வேலைக்குப் போவியா, அவளப் பாப்பியா, இதையும் பாப்பியா" என்றாள். நடக்கிற வரைக்கும் என்ற அந்த வார்த்தையை உன் கார்டில் பார்த்தபோதுதான் என் குரல் பாதியில் நின்றது.

நான் தலையாட்டினேன். வேறு வழி இல்லாமல் இல்லை. "அக்கா, நீ இங்கேயே இரேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் இருந்திருப்பாள். நான் ஏன் சொல்லவில்லை? ஒரே அறை, தகரக் கூரை, கொஞ்சம் நிலம் நீச்சு உள்ள வீட்டில் வாழ்க்கைப்பட்டவளை இதில் எப்படி வைப்பது என்று வெட்கம். அதைவிடப் பெரியது இன்னொன்று, அதைத்தான் இத்தனை வருடம் சொல்லாமல் இருந்தேன். அவள் உன்னைக் கொண்டுபோய்விட்டால் நான் காலை நீட்டி உட்கார வேண்டியதில்லை, ஆற்றில் துணி அலச வேண்டியதில்லை, பின்வரிசையிலிருந்து சிரிப்பு வராது என்று ஒரு நொடி எனக்குள் நிம்மதியாக இருந்தது. அந்த ஒரு நொடிக்காக நான் இன்னும் வெட்கப்படுகிறேன். உன் அம்மாவைக் கேட்கவும் இல்லை. அவள் சுயநினைவில் இல்லாதது எனக்கு வசதியாகப் போயிற்று. பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஜன்னலோரம் அத்தை தோளில் நீ என்னைப் பார்த்துக்கொண்டே போனாய். அழக்கூட இல்லை.

மறுநாள் உன் அம்மாவுக்கு நினைவு திரும்பியது. முதல் கேள்வி, "கொழந்தை எங்கீங்க?" நான், "ஊட்டுல தூங்கறான். இங்க கொண்டாரக் கூடாதுன்னுட்டாங்க" என்றேன். அடுத்த நாளும் தூங்கினாய். அதற்கடுத்த நாளும் தூங்கினாய். "சங்குக்கு உக்காரறானா?" என்று கேட்டாள். "உக்காரறான்" என்றேன். வீட்டுக்கு வந்தால் ஏழு துணிகள் மடித்தபடி இருந்தன. முதற்சங்கு ஊதும்போது என் கால்கள் இரண்டும் தாமாகவே நீண்டுகொள்ளும். அதன்மேல் ஒன்றும் இருக்காது. வெறும் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த நாட்களில் பெயர் கூப்பிடும்போது யார் என்ன குரலில் பதில் சொன்னார்கள் என்று ஒன்றுகூட என் காதில் ஏறவில்லை.

ஆறாம் நாள் முற்பகல் அரைத்த சுண்ணாம்பு வண்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். அத்தை புழுதியோடு புழுதியாக வந்து நிற்கிறாள், தோளில் நீ. புதுச்சத்திரத்திலிருந்து சேலம் வந்து, பஸ் மாறி, கடைசி இரண்டு மைல் நடந்தே வந்திருக்கிறாள். "தம்பி, இவன் வயித்தைப் பாருடா" என்றாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். வயிறு கல் மாதிரி இருந்தது, நரம்பு பச்சையாகத் தெரிந்தது. அவள் ஊருக்குப் போன நாளிலிருந்து நீ வெளிக்கே போகவில்லையாம். விளக்கெண்ணெய் கொடுத்திருக்கிறாள். வெற்றிலைக் காம்பு வைத்திருக்கிறாள். தன் காலில், தன் நாத்தனார் காலில், ஊரில் பிள்ளை பெற்ற நாலு பேர் காலில் உட்கார்த்திப் பார்த்திருக்கிறாள். நீ விறைத்துக்கொண்டு எட்டி எட்டிச் சுற்றும் முற்றும் பார்ப்பாயாம், எதற்கோ காத்திருப்பவனைப்போல. பாலும் இரண்டு நாளாக இறங்கவில்லை. "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போலாம் வாடா" என்றாள்.

போகிற வழியில்தான் லைன் வீடு. ஏன் என்று தெரியவில்லை, நான் உன்னை வாங்கிக்கொண்டு நேரே உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். காலை நீட்டினேன். அத்தை சாம்பலை அள்ளிப் போட்டாள். உன்னைக் கணுக்கால் மேல் வைத்தேன். தலை இப்போது நன்றாக நின்றது. நீ என் முகத்தைப் பார்த்தாய், சாமி. ஆறு நாளுக்குப் பிறகு. சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. நெற்றியிலிருந்து தாடைவரை மெதுவாக, ஒரு இடம் விடாமல் பார்த்தாய். யாரும் என்னை வாழ்க்கையில் அப்படிப் பார்த்ததில்லை. நான் "ஸ்ஸ்ஸ்" என்றேன். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் சொன்னேன். உதடு உலர்ந்துபோய்ச் சத்தம் வரவில்லை. அத்தை வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. உன் காது அசைந்தது, நான் பார்த்தேன். உன் கண் ஒரு கணம் கூரைக்குப் போய்த் திரும்ப என் முகத்துக்கு வந்தது. புருவம் சுருங்கியது. உதடு குவிந்தது. என் கணைக்கால்மேல் பத்து விரலும் மடங்கின. சங்கு ஓய்வதற்குள் ஆறு நாள் பாரமும் இறங்கிவிட்டது. உன் உடம்பு சிலிர்த்தது. அதே பெருமூச்சு. அப்புறம்தான் சிரித்தாய். அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். "என்னடா அதிசயம் இது, எங்கூட்டுல சங்குக்கு நான் எங்க போவேன்?" என்றாள். நான் உன்னைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். கால் கழுவவும் தோன்றவில்லை. ஐந்து மாதத்துப் பிள்ளை ஊர்விட்டு ஊர் போய், நாலைந்து பேர் காலில் உட்கார்ந்து, இது அது இல்லை, இதுவும் அது இல்லை என்று வேண்டாம் சொல்லிவிட்டு, என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. நான் விட்டதை நீ விடவில்லை. இதற்கு நான் என்ன செய்துவிட்டேன்? கத்தக் கத்த உன்னைச் சங்குக்குப் பழக்கியதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. என் தப்பைக்கூட நீ பத்திரமாக வைத்துக்கொண்டிருந்து எனக்குத் திருப்பிக் கொடுத்தாய்.

அத்தை அன்று சாயங்காலம் தன் மூட்டையைப் பிரித்து மூலையில் வைத்தாள். "நான் இங்கயே இருக்கறேன். இவன் உன்ற கால்லயே இருக்கட்டும்" என்றாள். நான் கேட்க வெட்கப்பட்டதை அவள் கேட்காமலே கொடுத்தாள். பன்னிரண்டு வருடமாக ஏங்கியவள், ஆறு நாள் கையில் இருந்ததைத் தானே தூக்கிக்கொண்டு வந்து திருப்பிக் கொடுத்திருக்கிறாள், வழியெல்லாம் பயந்துகொண்டு. அவள் மனசு எவ்வளவு பெரியது என்று அளக்க எனக்கு இன்னும் தெரியவில்லை. தகரக் கூரைக்குக் கீழே இரண்டு மாதம் இருந்தாள், ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. இப்போதும் நீ புதுச்சத்திரம் போனால் உன்னைப் பார்த்ததும், "என்ன சாமி, சங்கு ஊதியாச்சா?" என்பாளே, கிழவிக்கு ஏதோ குழப்பம் என்று நீயும் சிரித்துவிட்டு வருவாயே. குழப்பம் ஒன்றுமில்லை, அதுதான் இது.

உன் அம்மா வீட்டுக்கு வந்த அன்று உன்னை மடியில் போட்டுக்கொண்டு உச்சி முதல் பாதம்வரை தடவினாள். இடுப்பில் கை நின்றது. அத்தை புதிதாகக் கறுப்பு அரைஞாண் கட்டி, அதில் ஒரு வெள்ளி மணி கோத்திருந்தாள். "இது ஆரு கட்டுனது?" என்றாள். "அக்கா" என்றேன். "எங்க வெச்சு?" என்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உன்னை அணைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். மறுநாள் காலை முதற்சங்கு ஊதியது. பழக்கத்தில் உன்னைத் தூக்கப் போனேன். "உடுங்க, கீழயே கெடக்கட்டும்" என்றாள். அப்புறம் சொன்னாள்: "இனி ஆரையும் கேக்காம இவனை எங்கயும் அனுப்பக்கூடாதுங்க. என்னையுங் கேக்கோணும், அவனையுங் கேக்கோணும்."

"கைக்கொழந்தையை எப்படிக் கேக்கறது?" என்றேன்.

"மூத்தரத்துக்குக் கேக்கத் தெரிஞ்சுதில்லீங்க. இதுக்குக் கேக்கத் தெரியாதா?"

அன்றிலிருந்து சங்கை விட்டுவிட்டு மறுபடி உன் முகத்துக்கே வந்தேன். உன்னைச் சங்கிலிருந்து விடுவிக்க இரண்டு மாதம் ஆயிற்று. பழக்கியதைவிட அதுதான் கஷ்டம். பல துணிகள் நனைந்தன, பல நாள் ஓடி ஓடிப் போய்ப் பெயர் கூப்பிட்டேன். பின்வரிசைக்காரன் ஏதாவது சொன்னால், "ஆமாப்பா, வந்துச்சு, நல்லா வந்துச்சு" என்று பதில் சொல்லப் பழகிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவன் சிரிப்பதில் சுவாரசியம் இல்லாமல் போய்விட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருடம் வண்டியிலிருந்து விழுந்து என் தொடை எலும்பு முறிந்ததும், மூங்கில் பத்தை வைத்துக் கட்டி மல்லாக்கப் போட்டிருந்ததும், நீ பதினைந்து நாள் லீவில் வந்ததும் உனக்கு நினைவிருக்கும். வந்த மறுநாள் மத்தியானம் உன் அம்மா வெளியே போயிருந்தாள். எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது. நீ சட்டியைக் கொண்டுவந்து பிடித்தாய். பெற்ற மகன் பிடிக்கிறானே என்ற கூச்சத்தில் எனக்கு வரவில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, பல்லிடுக்கில் மெல்ல "ஸ்ஸ்ஸ்" என்றாய். எனக்கு வந்துவிட்டது. நீ ஒன்றும் நடக்காததுபோல் சட்டியை எடுத்துக்கொண்டு போனாய். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். வலிக்கிறதா என்று திரும்பி வந்து கேட்டாய், ஆமாம் என்றேன். யார் உனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார்கள்? யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது உன் உடம்புக்குள் எங்கோ இருபத்தொரு வருடம் இருந்திருக்கிறது. குழந்தையைத் தூக்கக் கை நடுங்குகிறது, ஒன்றும் விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதை நான் எப்படி நம்புவேன்?

உன் மாமியார் நல்லவர். குழந்தையைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் உதவி வேண்டுமென்றால், "நாக்பூருக்கு வந்து இரண்டு மாதம் இருங்கள்" என்று அவரைக் கூப்பிடு. ஒரே அறைதான் என்று நான் வெட்கப்பட்டதுபோல் நீ வெட்கப்படாதே. ஷிப்டுக்குப் போகும் முன்னால் ஒருவேளை, வந்த பின்னால் ஒருவேளை நீ காலை நீட்டு. உன் பட்டறையிலும் சங்கு ஊதும் என்று தெரியும். தயவுசெய்து குழந்தையை அதற்குப் பழக்காதே. பத்துக்கு ஏழு பிடித்தால் போதும், மூன்று நனையட்டும்.

இதையெல்லாம் எழுதி உன் அம்மாவுக்கு இப்போதுதான் முழுதாகப் படித்துக் காட்டினேன். செவ்வாய்க்கிழமை மறைத்த பாதியையும் சேர்த்து. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவன் முடிவு பண்றதுக்கு முன்னால ஒருக்கா அந்தப் புள்ளையக் கேக்கச் சொல்லுங்க" என்றாள். அதனால் தொடக்கத்தில் சொல்ல நினைத்த 'வேண்டாம்' என்பதையும் நான் எழுதவில்லை, சரி என்றும் எழுதவில்லை. லீவு கிடைத்ததும் முதலில் இங்கே வராதே, நேரே குமாரபாளையம் போ. குழந்தை பால் குடித்து முடித்துக் கொஞ்ச நேரம் உதைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார். உதைப்பதை நிறுத்தியதும் தூக்கி உன் காலில் வை, உன் முகம் பார்த்தபடி. அவள் உன்னைப் பார்ப்பாள். அப்போது கேள், நடக்கிற வரைக்கும் இங்கேயே இருந்துகொள்கிறாயா கண்ணு என்று. அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது. அதற்கு ஒரு கார்டு போதும்.

உன் அப்பா